டயர் அளவு: கடைக்குப் போகும் முன்

டயர் தேய்ந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் போனில் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பி, "இதே சைஸ் இருக்கா?" என்று கேட்பார்கள். வண்டியை ஷோரூமிலிருந்து நீங்களே எடுத்து, அன்று வந்த டயரிலேயே இதுவரை ஓட்டியிருந்தால் இது போதும். பதினைந்து வருஷத்து செடானுக்கு இது போதாது. அது இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். முந்தைய உரிமையாளர் மலிவாகக் கிடைத்த அளவைப் போட்டிருக்கலாம், அழகுக்காக அகல டயர் மாட்டியிருக்கலாம், அல்லது விற்பதற்கு முந்தின வாரம் கைக்கு அகப்பட்ட நான்கு பழைய டயர்களைப் போட்டுத் தள்ளிவிட்டிருக்கலாம். நீங்கள் படம் பிடித்தது அவருடைய முடிவை. அது வண்டியைச் செய்தவர்களின் முடிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே முதல் வேலை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பது. கதவு மூடும்போது வந்து சேரும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும், முன் பின் சக்கரங்களுக்கான காற்றழுத்தமும் அதில் இருக்கும். சில வண்டிகளில் இது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். பெயின்ட் அடித்த வண்டியானால் ஸ்டிக்கர் போயிருக்கலாம்; அப்போது வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதில் ஆபத்து உண்டு. 2008-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசைரையே எடுத்துக்கொள்வோம். கீழ்நிலை வேரியன்ட்களுக்கு 165/80 ஆர்14, மேல்நிலை வேரியன்ட்களுக்கு 185/70 ஆர்14 என்று ஒரே காருக்குத் தொழிற்சாலையே இரண்டு அளவு கொடுத்தது.

எண்ணைப் படித்துக் கணக்குப் போடுவது

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: இன்னும் நம் சாலைகளில் நிறையவே ஓடும் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ். அதன் டயர் அளவு 175/65 ஆர்14.

175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தில் 65 சதவீதம் என்று பொருள். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே பெயருக்குள் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. இந்தக் குழப்பத்தில்தான் தவறான டயர் உள்ளே நுழைகிறது.

இப்போது டயரின் முழு விட்டத்தைக் கண்டுபிடிப்போம். 175-இல் 65 சதவீதம் 113.75 மி.மீ. சுவர் மேலும் உண்டு, கீழும் உண்டு என்பதால் இரண்டால் பெருக்க 227.5. ரிம் 14 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 25.4 என்று பெருக்கினால் 355.6. கூட்டினால் 583.1 மி.மீ. இதுதான் உங்கள் வண்டியின் மூல எண். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், மட்கார்டுக்குள் விட்ட இடைவெளி எல்லாம் இதை வைத்தே அமைந்திருக்கின்றன. போன் கால்குலேட்டரில் அரை நிமிடக் கணக்கு. கடைக்காரர் எந்த மாற்று அளவைச் சொன்னாலும் அங்கேயே நின்று போட்டுப் பாருங்கள்.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில பழைய ரேடியல்களில் 155 ஆர்13 என்று மட்டும் இருக்கும், நடு எண் இருக்காது. அப்படியானால் சுவர் உயரம் ஏறக்குறைய 82 சதவீதம் என்று கொள்ள வேண்டும். அம்பாசடரின் 5.90-15, பிரீமியர் பத்மினியின் 5.20-14 ஆகியவை குறுக்கிழை டயர்களின் அளவுகள்; அகலமும் அங்குலத்தில்தான். அந்த வண்டிகளில் ரேடியலுக்கு மாறுவதானால் நான்கையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒன்று ரேடியல், ஒன்று குறுக்கிழை என்று எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

"ஒரு சைஸ் பெருசு போட்டுக்குங்க, சார்"

கடையில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. "185 போட்டுக்குங்க சார், வண்டி கிரிப்பா நிக்கும், பாக்கவும் நல்லா இருக்கும்." அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு அவரிடம் கைவசம் இருக்கலாம், உண்மையிலேயே நல்லது என்று நம்பியும் சொல்லலாம். 185-ஆ என்பதற்கு முன்னால், 185-க்குப் பின்னால் என்ன எண் என்று கேளுங்கள்.

185/60 ஆர்14 என்றால் விட்டம் 577.6 மி.மீ.; மூல அளவைவிட ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. போடலாம். 185/65 ஆர்14 என்றால் 596.1, இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி அந்த அளவுக்கு வேகமாகப் போகும், ஓடோமீட்டர் குறைவாக எண்ணும், முதல் கியரில் இழுவை கொஞ்சம் மந்தமாகும். மூன்று சதவீத வித்தியாசம் வரை பரவாயில்லை என்பது டயர்க்காரர்களிடையே பரவலான வழக்கு. என் அளவுகோல் இன்னும் கண்டிப்பானது: ஒன்றரை சதவீதம். அதிலும் பெரிதாவதைவிடச் சிறிதாவது மேல். ஸ்பீடோமீட்டர்களைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அமைப்பார்கள். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடும்.

இசட்எக்ஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி விழும் குழி வேறொன்று. 2008-இல் வந்த அடுத்த தலைமுறை சிட்டியின் டயர் 175/65 ஆர்15. அதே 175, அதே 65. ரிம் மட்டும் ஒரு அங்குலம் கூட. பழைய சாமான் கடையில் அந்த வண்டியின் அலாய் ரிம் டயரோடு கிடைக்கும். நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், இரண்டு வண்டிக்கும் ஒன்றே. மாட்டினால் கச்சிதமாக உட்காரும். கணக்குப் போட்டால் 608.5 மி.மீ., அதாவது நான்கு சதவீதத்துக்கு மேல் பெரிது. போல்ட் சேர்ந்துவிட்டதாலேயே அளவும் சேர்ந்துவிட்டது என்று எண்ணி ஓட்டுகிறார்கள். பிறகு ஐந்து பேரோடு ஊருக்குப் போகும்போது பின் மட்கார்டில் உரசல் சத்தம் வரும். அதே 15 அங்குல ரிம்தான் வேண்டுமென்றால் அதற்குரிய அளவு 185/55 ஆர்15, விட்டம் 584.5, மூல எண்ணோடு ஒட்டிப்போகிறது. ஆனால் பக்கச்சுவர் 12 மி.மீ. குறைந்துவிடும். மழைக்குப் பிந்தைய சென்னைச் சாலைகளில் பள்ளத்தின் அடியை ரிம் வாங்காமல் காப்பது அந்தச் சுவர்தான். அழகுக்காக அதைக் கொடுக்கலாமா என்பது அவரவர் பாடு. நான் கொடுக்க மாட்டேன்.

பெரிய டயர் கேட்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், வேகத்தடையில் வண்டியின் அடி தட்டுவது. இது நியாயமான தொல்லை. நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஒரே தெருவில் பாம்பு போல ஒன்று, திண்ணை போல ஒன்று. ஆனால் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் வண்டியின் உயரத்தில் சேரும். 185/65 ஆர்14 போட்டால் விட்டத்தில் 13 மி.மீ. கூடுகிறது, அடிப்பாகம் உயர்வது ஆறரை மி.மீ. பென்சில் தடிமன்கூட இல்லை. பழைய செடான் தட்டுவதற்கு நிஜமான காரணம் பெரும்பாலும் தளர்ந்துபோன ஸ்பிரிங்கும் ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பரும்தான். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் வெளிப்படையாக உட்கார்ந்திருந்தாலோ, டயர்க் கடைக்கு முன்னால் சஸ்பென்ஷன் மெக்கானிக்கிடம் போக வேண்டும். அங்கே செலவழித்தால் உயரமும் திரும்பும், புது டயரும் ஒருபக்கமாகத் தேயாது.

அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்பது காய்ந்த சாலையில் ஓரளவு உண்மை. தேங்கிய தண்ணீரில் அது தலைகீழாகும். அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால், டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடுவது கடினமாகி, நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் அகல டயர் போட்டால், பார்க்கிங்கில் வளைக்கும்போது தோள்பட்டை சொல்லும். பெட்ரோலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்.

அளவுக்குப் பின்னால் வரும் இரண்டு குறிகள்

175/65 ஆர்14-க்கு அடுத்து 82டி என்றோ 82எச் என்றோ இருக்கும். வாங்குபவர்கள் பொதுவாக இதைப் பார்ப்பதே இல்லை. 82 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். 79 என்றால் 437 கிலோ. மூன்றே எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். நான்கு டயருக்கும் சேர்த்தால் 152 கிலோ குறைகிறது. இரண்டு பெரியவர்களின் எடை அது.

இது ஏன் முக்கியம் என்றால், மலிவான மாற்று அளவுகள் பெரும்பாலும் சிறிய கார்களுக்கானவை. 165/65 ஆர்14 எந்தக் கடையிலும் கிடைக்கும். கிராண்ட் ஐ10 ஓடுவது அதில்தான். விட்டம் 570.1 மி.மீ., சிட்டியின் மூல அளவைவிட இரண்டு சதவீதம் சொச்சம் குறைவு, ரிம்மிலும் ஏறும். ஆனால் அது 79-ஆம் குறியீட்டு டயர். டிக்கி நிறையப் பெட்டி, பின்னால் மூன்று பேர், மே மாத வெயில், திருச்சி நெடுஞ்சாலை என்று சேரும்போது அந்த டயர் தன் எல்லையில் ஓடும். சுமைக் குறியீடு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். ஒருபோதும் குறையக் கூடாது.

எழுத்து என்பது வேகக் குறியீடு: எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. "நாம எங்க சார் 190-ல போகப் போறோம்?" என்று கேட்பார்கள். சரிதான், ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் சாட்சி. நம் வெயிலில் அதைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. தொழிற்சாலை கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். மேலே போகப் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

இவற்றோடு ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். ரிம்மில் 14x5ஜே, 14x5.5ஜே என்பது போலக் குத்தியிருக்கும். 5 அங்குல அகல ரிம் 175-ஐயும் 185-ஐயும் ஏற்கும். 195/60 ஆர்14-க்குக் குறைந்தது ஐந்தரை அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி உப்பி, அங்கே மட்டும் தேயும். வளைவில் வண்டி தள்ளாடும்.

அளவே கிடைக்காதபோது

13 அங்குல ரிம் வைத்த பழைய செடான்காரர்களின் பாடு இது. 175/70 ஆர்13 போன்ற அளவுகளில் புது வண்டிகள் அருகிவிட்டதால், கடைகள் வாங்கி அடுக்குவது குறைந்துவிட்டது. "அது வர்றதில்லை சார்" என்ற பதிலைக் கேட்டதும் வேறு அளவுக்குத் தாவ வேண்டாம். அந்தக் கடைக்கு வருவதில்லை என்பதுதான் பொருள். டயர் நிறுவனத்தின் விநியோகஸ்தரிடம் சொல்லி வைத்தால், சில நாள் காத்திருந்தாலும் வந்து சேர வாய்ப்புண்டு. டயர் மொட்டையான பிறகு தேடத் தொடங்குபவருக்குக் காத்திருக்க நேரமிருக்காது. அதனால் பட்டன் பாதி இருக்கும்போதே விசாரிக்கத் தொடங்குங்கள்.

உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால்? 175/70 ஆர்13-இன் விட்டம் 575.2. கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 155/80 ஆர்13 ஆக இருக்கும், விட்டம் 578.2, அரை சதவீதம்தான் வித்தியாசம். கணக்கு மட்டும் தெரிந்தவர் இதில் ஏமாறுவார். அகலம் 20 மி.மீ. குறைகிறது, சுமைக் குறியீடு 82-இலிருந்து 79-க்கு இறங்குகிறது. வேண்டாம். அதைவிட, அதே நிறுவனம் அதே மாடலின் மேல்நிலை வேரியன்ட்டுக்கு 14 அங்குல ரிம் கொடுத்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கொடுத்திருந்தால் அந்த ரிம்களைப் பழைய சாமான் கடையில் பிடித்து, அந்த வேரியன்ட்டின் டயர் அளவையே போட்டுவிடலாம். 175/65 ஆர்14-ஆகவே வைத்துக்கொண்டாலும் 583.1, வித்தியாசம் 1.4 சதவீதம், சுமைக் குறியீடு அதே 82. ரிம்மின் போல்ட் வட்டம், நடுத்துளை இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நட்டையும் மறக்காதீர்கள். ஹோண்டாவின் சொந்த ரிம்களுக்கு உருண்டை அடி கொண்ட நட். வெளியில் விற்கும் அலாய் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு அடி நட். மாற்றிப் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும், ஓட ஓடத் தளரும். ரிம் மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பழைய ஸ்டீல் ரிம்மில் டியூப்லெஸ் ஏற்றுவதென்றால், ரிம்மின் உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மேடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் காற்று குறைந்தாலும் டயரின் விளிம்பு நழுவாமல் பிடிப்பது அந்த மேடு. அது இல்லாத ரிம் டியூப்புக்குச் செய்யப்பட்டது. மேடு இருந்தும் விளிம்பில் துரு அரித்திருந்தால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கம்பி பிரஷால் சுரண்டிப் பெயின்ட் அடித்த பிறகே ஏற்ற வேண்டும்.

எடுத்துக் கொடுத்த டயரைப் பார்ப்பது

அளவு சரியாக இருந்தும் டயர் கிழடாக இருக்கலாம். பக்கவாட்டில் ஓவல் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்தக் கட்டம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கக்கூடும்; புரட்டிப் பாருங்கள். திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் தொழிற்சாலை வைத்திருக்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷப் பழசை வாங்க வேண்டியதில்லை. அரிதான அளவுகளில்தான் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள் என்பதால், 13 அங்குலக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது. ஒரு வருஷம் தாண்டினால் வேறு கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தேய்ந்த டயரில் மறுபடி கோடு வெட்டி விற்கும் செகண்ட் டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் காருக்கு வேண்டாம்.

நான்கும் வாங்கப் பணம் இல்லை, இரண்டுதான் என்றால், அதே அளவில் ஒரே மாதிரி இரண்டை வாங்கி ஒரே அச்சில் போடுங்கள். எந்த அச்சில்? முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது என்று முன்னால் போடுவதுதான் நம் கடைகளின் பழக்கம். புதியவை பின்னால் போக வேண்டும். மழையில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பிடி திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழலும்; அதைச் சாதாரண ஓட்டுநர் திருத்துவது கடினம். கடைக்காரர் சிரிப்பார், வாதாடுவார். மாற்றிப் போடச் சொல்லுங்கள். முன்னால் போகும் பழைய இரண்டிலும் சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. ஆழம் மிச்சம் இருக்க வேண்டும். கோடுகளுக்குள் இருக்கும் சிறு மேடுகளோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த எல்லைக்கு வந்தாயிற்று.

ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து அளவைப் பாருங்கள். கை மாறிய வண்டிகளில் அது வேறு ஏதோ வண்டியின் டயராக இருப்பது சகஜம். கழற்றிய பழைய டயர்களில் நல்லதை, அளவு ஒன்றாக இருந்தால் மட்டும், ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாட்டி முடித்ததும், புது வால்வு, பேலன்சிங், வீல் அலைன்மென்ட் மூன்றும் பில்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே. கடைப் பையனின் பழக்கத்துக்கு எல்லா வண்டிக்கும் ஒரே அழுத்தம் வைப்பான். மாற்று அளவு போட்டிருந்தால், கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்ளே எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து வந்து, டயரின் தோள்பகுதியிலும் மட்கார்டின் உள்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பான தேய்ப்புத் தடம் தெரிந்தால் அன்றே கடைக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் ஓட்டிய டயரை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். தடம் இல்லையென்றால், 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.